ஒரு அடுப்புக்கு ஒரு வேலை

“உங்க வீட்டு உப்பு ஒரு கல்லு கூட எனக்கு வேண்டாம்! என் புருஷன் சம்பாதிக்கிறார், நான் வாங்கிக்கிறேன்!”

“வாங்கிக்கோ! தாராளமா வாங்கிக்கோ! என் பிள்ளையை முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கிறவளுக்கு உப்பு ஒரு கேடா?”

“அம்மா, கொஞ்சம் மெதுவா…”

“நீ சும்மா இருடா சின்னவனே! இது எனக்கும் அவளுக்கும்!”

தெருக்கோடி வரை கேட்டது. கேட்கவேண்டும் என்றுதானே இந்தப் பாடெல்லாம். மாமியாருக்குத் தெருவில் ‘சைரன்’ என்று பெயர். உருக்காலையின் சைரன் ஊதி வருஷக்கணக்கில் ஆகிறது. இந்த சைரனுக்கு மட்டும் ஓய்வு வயது வரவே இல்லை.

சண்டைக்கு நடுவே, அந்த வீட்டிலேயே ஆடாத கால்களுள்ள ஒரே நாற்காலியில், சரிபார்ப்பு அதிகாரி அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டை, அட்டையில் ஃபாரம், காலடியில் மடக்கிய குடை. சினிமாவில் இடைவேளைக்குக் காத்திருப்பவர் முகம்.

போன வாரங்களைத் தவறவிட்டவர்களுக்கும், படித்துவிட்டு வேறு வேலையில் மறந்துபோனவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய உருக்காலையை இடித்துவிட்டு அந்த இடத்தில் சரக்கு ரயில் முனையம் வருகிறது. தண்டவாளம், கன்டெய்னர், வானத்தைத் தொடும் கிரேன். கட்டுகிற கம்பெனி கூட்டம் போட்டு, “பழைய தொழிலாளி குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு ஒரு வேலை” என்று சொன்னது. குடும்பம் என்றால் என்ன என்று நம் தெருக்காரர் ஒருவர் கேட்டார். கம்பெனி ஆள் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடறவங்க ஒரு குடும்பம்” என்று சொல்லிவிட்டுக் கார் ஏறிப் போய்விட்டார். அடுப்பை எண்ண வீடு வீடாக அதிகாரி வருவார் என்றும் அறிவிப்பு வந்தது.

அவ்வளவுதான், அந்த வாரமே தெருவில் செங்கல் விலை ஏறியது.

ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அண்ணன் தம்பிகள் நடுவீட்டில் சுவர் எழுப்பினார்கள். வெளிச்சத்தில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். விளக்கை அணைத்தபின் சுவருக்கு மேலே கிண்ணங்கள் கைமாறின. கொத்தனார் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது. நிஜமாகவே பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டார் மட்டும், நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுபோல் வாசலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நம் சைரன் வீட்டில் அந்த ஆலையில் வேலை பார்த்தது மாமியார்தான். வார்ப்பு அச்சுக்கு மணல் பிடிக்கும் பிரிவில். மாமனார் போய்ச் சேர்ந்த பிறகும் பிள்ளைகளை ஆளாக்கியது அந்த மணல். கிடைக்கிற ஒரு வேலை யாருக்கு என்று அவர் கேட்கக்கூட இல்லை. “சின்னவனுக்கு” என்றார். பெரியவன் வெல்டர், கைத்தொழில் இருக்கிறது. சின்னவன் செல்போன் ரிப்பேர் கடையில் முதலாளி முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். கணக்குச் சரிதான்.

ஆனால் அந்தக் கணக்கில் மருமகள் வரவில்லை. குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள் அவள். கிடங்கை மூடியபின் வீட்டில் வெங்காயம் நறுக்குகிறாள். முனையத்தில் கிரேன் ஓட்டப் பயிற்சி என்று விளம்பரம் வந்ததும் யாரிடமும் சொல்லாமல் போய்த் தேர்வு எழுதினாள். கணினித் திரைக்கு முன்னால் ஒரு பொம்மைக் கிரேனை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். பெட்டியைப் பூப்போல வைத்தாள். தேர்வும் ஆகிவிட்டாள். ‘வீட்டுக்கு ஒருவர்’ என்கிற கதவு மட்டும் குறுக்கே நின்றது.

“இன்னொரு அடுப்பு வெச்சிட்டா போச்சு அண்ணி” என்றவன் சின்னவன்தான். நல்ல பையன். நல்லவர்களின் யோசனைதான் எப்போதும் வீட்டை இரண்டாக்குகிறது.

சண்டைக்கு வசனம் எழுதியதும் அவன்தான். பல சாயங்காலம் ஒத்திகை நடந்தது. பெரியவனுக்கு மட்டும் வசனம் இல்லை. “நீ வாயைத் திறக்காம நின்னா போதும்ணா. அதுதான் உனக்கு நல்லா வரும்.”

இப்போது பெரியவன் அதையே செய்துகொண்டிருந்தான். மாமியார் நெஞ்சில் கைவைத்து, அடுத்த வசனத்துக்கு மூச்சை இழுத்தார்.

“பெத்த வயிறு பத்தி எரியுதுன்னு சொல்லப்போறீங்க, அதானேம்மா?” என்றார் அதிகாரி.

இழுத்த மூச்சு அப்படியே நின்றது.

“உப்பு, முந்தானை, வயிறு. அடுத்தது மருமகள், ‘இந்த வீட்டுப் படியை மிதிச்சா ஏன்னு கேளுங்க’ன்னு சொல்லணும். நேத்து டெய்லர் வீட்ல இதே வரிசையிலதான் வந்துச்சு. அங்க அழுகை இன்னும் கொஞ்சம் நல்லா இருந்தது.”

மருமகள் மெதுவாகத் திரும்பிச் சின்னவனைப் பார்த்தாள். சின்னவன் மின்விசிறியைப் பார்த்தான். மின்விசிறி ஓடவில்லை.

டெய்லருக்கு ஒரு தங்கை இருக்கிறாள். சின்னவனுக்கு அவள்மேல் ஒரு கண். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், சின்னவனுக்கு மட்டும் அது ரகசியம். தங்கை, “எங்களுக்கும் ஏதாவது எழுதிக் குடுங்களேன்” என்று கேட்டிருக்கிறாள். கேட்டவள் அவள் என்றால் புதிதாக எழுத நேரம் ஏது? இருந்ததையே எடுத்து நீட்டிவிட்டான்.

“டேய்…” என்றான் பெரியவன். வசனமில்லாதவனுக்கே பொறுக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, தற்செயலாக அங்கே நின்றுகொண்டிருந்த சிலர், தற்செயலாக இன்னும் நெருங்கி நின்றார்கள்.

மருமகளுக்கு முடிவு தெரிந்துவிட்டது. போச்சு. கிரேன் கூண்டு, அதன் கண்ணாடித் தரை, காலுக்கடியில் பொம்மைபோல ஓடும் ரயில் எல்லாம் போச்சு. நாளை முதல் வெங்காயம்.

“மேடம், நான் ஒண்ணு சொல்லலாமா?” என்றார் மாமியார். “இவன் எழுதிக் குடுத்தது இல்ல. நானா சொல்றது.”

குரல் இறங்கியிருந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். இத்தனை வருஷத்தில் சைரன் பேசி அவர்களுக்குக் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை.

“அம்மா, வேண்டாம்மா” என்றான் சின்னவன்.

“பின்னாடி ஒரு அடுப்பு இருக்கு. அது நடிப்புக்குப் போட்டதுதான்.”

சின்னவன் தலையில் கைவைத்தான்.

“துணி துவைக்கிற இடத்தைத் தடுத்துப் பெரியவன் செஞ்சது. புதுசா இருந்தா நேத்துப் பிரிஞ்சவங்கன்னு தெரிஞ்சிடும், கொஞ்சம் புகையும் பிசுக்கும் ஏறட்டும்னு இவளை தினமும் அங்க அடுப்பு மூட்டச் சொன்னதே நான்தான். முதல்ல வெங்காயத் தோலைப் போட்டு எரிச்சா. எண்ணெயைத் தெறிக்க விட்டா. சரி, பொறுப்பா செய்யறாளேன்னு நெனச்சேன்.”

மாமியார் மருமகளைப் பார்க்காமல் அதிகாரியின் குடையைப் பார்த்துப் பேசினார்.

“அப்புறம் கதவைச் சாத்திக்க ஆரம்பிச்சா. டீ வாசனை வரும். நான் இங்க உக்கார்ந்திருப்பேன். இப்பக் கூப்பிடுவா, ‘அத்தை, ஒரு வாய் குடிக்கிறீங்களா’ன்னு எட்டிப் பார்ப்பான்னு இருப்பேன். கூப்பிட்டதே இல்ல. டம்ளரைக் கழுவிக் கவுத்துட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து, ‘சாப்பிடலாமா அத்தை’ம்பா. நானும் ஒண்ணுமே தெரியாத மாதிரி, ‘சரிம்மா’ம்பேன்.”

“ஒரு டம்ளர் டீ அத்தை” என்றாள் மருமகள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. “அதை யார்கிட்டயும் கேக்காம போட்டுக்கணும்னு இருந்தது. அவ்வளவுதான்.”

“நான் என்ன, குடுக்க மாட்டேன்னா சொன்னேன்?”

“இல்ல. குடுத்தீங்க. எப்பவும் நீங்கதான் குடுத்தீங்க.”

சொன்னவளுக்கு இதற்குமேல் விளக்கத் தெரியவில்லை. அந்த வீட்டில் வாழ வந்த நாள் முதல், மிளகாய்த்தூள் எங்கே, சீரகம் எங்கே என்று கேட்டுக் கேட்டு எடுத்தவள். டப்பாக்களின் வரிசை மாமியாருடையது. ஒன்றை இடம் மாற்றி வைத்தால் சாயங்காலம் அது பேசாமல் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும். யாரும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். பின்பக்கத்துத் தகரத் தடுப்புக்குள், முதன்முதலாக, அவள் வைத்த டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்காக ஒருத்தி கதவைச் சாத்திக்கொள்வாளா என்று கேட்டால், சாத்திக்கொள்வாள்.

“கதவைச் சாத்தினா கூடப் பரவாயில்ல மேடம். தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்டுது. அதுதான்…”

“அந்தத் தாழ்ப்பாள் நான் வெச்சதும்மா” என்றான் பெரியவன்.

எல்லோரும் திரும்பினார்கள். வாசல் தூண் பேசினாலும் இத்தனை பேர் திரும்பியிருக்க மாட்டார்கள்.

“அவ கேக்கலை. நானாத்தான் உள்பக்கமா வெச்சேன்.”

“ஏன்டா?”

பெரியவன் கைவிரலில் இருந்த பழைய தீக்காயம் ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தான். “வேணும்னு தோணுச்சு” என்றான். மேலே ஒரு வார்த்தை இல்லை. இருந்த இருப்பு மொத்தமும் செலவாகிவிட்டது போலும்.

மாமியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மருமகள்மேல் இருந்த கோபத்துக்கு ஒரு வழக்கம் உண்டு, அது எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று அவருக்குத் தெரியும். பிள்ளைமேல் வந்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

அதிகாரி எழுந்தார். “அந்தக் கிச்சனைப் பார்க்கலாமா?”

ஊர்வலமாகப் போனார்கள். ஆலை இடிக்கையில் ஏலத்துக்கு வந்த பழைய இரும்புத் தகடுகளை வெட்டி ஒட்டிப் பெரியவன் செய்த தடுப்பு. ஒரு தகட்டில் ‘தலைக்கவசம் அணி’ என்ற எழுத்து பாதி தெரிந்தது. ஒற்றை அடுப்பு. மேலே சுவரில் கைவிரித்த அளவுக்குக் கரி. அலமாரியில் ஆறேழு டப்பா. அதிகாரி உள்ளே போய் நின்று சுற்றிலும் பார்த்தார். கரியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கதவருகே நின்ற மாமியாரிடம், மிகச் சாதாரணமாகச் சொன்னார்:

“தொண்டையெல்லாம் வறண்டு போச்சும்மா. ஒரு டம்ளர் தண்ணியில கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கலக்கித் தர்றீங்களா?”



நேற்று டெய்லர் மனைவி அழுதது மருமகளுக்கு இப்போதுதான் விளங்கியது. “எல்லாம் நல்லாத்தான் போச்சு. என் ஓர்ப்படி கிச்சன்ல நின்னுக்கிட்டு அந்தம்மா சர்க்கரை கேட்டுது. நான் டக்குனு எடுத்துக் குடுத்தேன். அதோட ‘ஒரு அடுப்பு’ன்னு எழுதிட்டுப் போயிடுச்சு. குடுத்தது ஒரு குத்தமா?”

குற்றம்தான். பிரிந்துபோன வீட்டுச் சர்க்கரை டப்பாவுக்கு, தேடாமல், தடவாமல் கை நேராகப் போனதுதான் குற்றம். இந்தப் பெண்மணி சண்டையைப் பார்க்க வருவதே இல்லை. கையைப் பார்க்க வருகிறார்.

மாமியாரின் கால் நிலைப்படிக்கு வெளியே நின்றது.

“எனக்கு எது எங்க இருக்குன்னு தெரியாது மேடம்.”

“உங்க வீடுதானேம்மா?”

“வீடு என்னுதுதான். இதுக்குள்ள நான் வந்ததில்ல.” மாமியார் இப்போது மருமகளை நேராகப் பார்த்தார். “அவ கூப்பிட்டா வருவேன்.”

ஒரு வார்த்தைதான். ‘வாங்க.’ காய்கறிக்காரியிடம் தினமும் சொல்கிற வார்த்தை. மழைக்கு ஒதுங்குகிற யாரிடமும் சொல்கிற வார்த்தை. மருமகள் இப்போது சொல்லவேண்டியதும் அதுதான். சொன்னால் மாமியார் உள்ளே வருவார். வந்தால் ‘இந்த டப்பா ஏன் இங்க இருக்கு’ என்பார். கண்ணெதிரே இரண்டு அடுப்பும் ஒரே அடுப்பாகிவிடும், அதிகாரியின் பேனா அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். கிரேன் போய்விடும்.

அதனால்தான் சொல்லவில்லை என்று அன்றைக்குப் பிறகு பல தடவை கணவனிடம் சொல்லியிருக்கிறாள். அவனும் தலையாட்டியிருக்கிறான். ஆனால் அது முக்கால் உண்மைதான் என்று அவளுக்குத் தெரியும். மீதிக் காலுக்குக் கிரேனோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

அவளே டப்பாவை எடுத்தாள். சர்க்கரை போட்டாள், கலக்கினாள். ஸ்பூன் டம்ளரில் இடிக்கும் சத்தம் அந்தத் தகரச் சுவரில் பட்டுப் பெரிதாகக் கேட்டது. அதிகாரியிடம் நீட்டினாள். மாமியார் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, கேட்டது கிடைக்காத கடையிலிருந்து இறங்குவதுபோல், பேசாமல் திரும்பி முன்னறைக்குப் போய்விட்டார்.

அதிகாரி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அடுப்பு மேடையில் அட்டையை வைத்து எழுதினார்.

“ரெண்டு.”

“மேடம்?” என்றான் சின்னவன். “அம்மாவே நடிப்புன்னு சொல்லிட்டாங்களே…”

“சொன்னாங்க. காதுல விழுந்துச்சு. எத்தனை அடுப்புன்னு கேட்டு இதுல இடம் விட்டிருக்கு தம்பி. எதுக்குப் போட்டதுன்னு கேட்டு இடம் விடலை.” குடையை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி மருமகளிடம், அலுவலகக் குரலை விட்டுவிட்டுச் சொன்னார்: “இந்தத் தெருவுல சுவர் வெச்ச வீடு எவ்வளவோ பார்த்துட்டேன். நிஜமா ரெண்டா இருக்கிறது இதுதான்மா. வேலைக்குப் போங்க. நல்லாப் பண்ணுங்க.”

வாழ்த்தா, வசவா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் அவர் அடுத்த வீட்டுப் படியேறிவிட்டார். அங்கே சண்டை ஆரம்பித்தது. உப்பில்தான் ஆரம்பித்தது. சின்னவன் எத்தனை பேருக்குக் கொடுத்திருந்தானோ.

“அண்ணி! ரெண்டு! ரெண்டு வேலை!” என்று அவன் குதித்தான். கூடக் குதிக்க ஆள் இல்லை. பெரியவன் தாழ்ப்பாளின் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தான், அது தளரவே இல்லை.

அன்று மாலை முன்பக்க அடுப்பில் இரண்டு பேருக்குச் சமையல் நடந்தது. மருமகள் வழக்கம்போலக் கை கழுவிக்கொண்டு வந்து நின்றாள். மாமியார் ஒரு தட்டைச் சின்னவன் முன்னால் வைத்தார், ஒரு தட்டைத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். கோபமில்லை, குத்தலில்லை. “உங்களுக்குத்தான் அடுப்பு இருக்கேம்மா” என்றார், விவரம் சொல்கிறவர்போல.

மருமகள் பின்பக்கம் போனாள். அடுப்பை மூட்டினாள். அன்று அவள் கதவைச் சாத்தவில்லை. யாரும் வரவும் இல்லை.

அப்புறம் நடந்ததை நம் தெரு நன்றாகவே அறியும். முதல் சரக்கு ரயில் வந்த மாதமே மருமகள் கிரேன் கூண்டில் ஏறிவிட்டாள். மஞ்சள் சட்டையும் தலைக்கவசமுமாக அவள் போவதைப் பார்த்து ‘கிரேன் அண்ணி’ என்று பெயர் வைத்தார்கள். முதலில் கேலிக்கு, பிறகு தங்கள் பெண்களுக்கும் இடம் கேட்டுப்போகும்போது மரியாதைக்கு. கொஞ்ச நாளில் அவளும் பெரியவனும் தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். சாமான் ஏற்றிய வண்டி சிறியது. மாமியார் வாசலில் நின்று, “கண்ணாடிச் சாமானை மேல வை” என்று வண்டிக்காரனிடம் மட்டும் பேசினார்.

வேலை கிடைக்காத டெய்லர் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனார். போவதற்கு முன்னால் தங்கையைச் சின்னவனுக்கே கொடுத்தார். பெண் பார்த்த அன்று அவர் போட்ட ஒரே நிபந்தனை, “மாப்பிள்ளை வசனம் எதுவும் பேசக்கூடாது. சம்மதமா இல்லையான்னு மட்டும் சொல்லணும்.” இப்போது சின்னவன் முனையத்து வாசலில் வருகிற பெட்டிகளின் முத்திரையைச் சரிபார்க்கிறான். புது மருமகள் வந்த வாரமே சமையலறை டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து, தன் இஷ்டத்துக்கு அடுக்கினாள். சைரன் ஊதப்போகிறது என்று தெருவே வேலையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தது. ஊதவில்லை. மாமியார் ஒரு நிமிஷம் அலமாரியைப் பார்த்துவிட்டு, “சர்க்கரை எதுலம்மா?” என்று கேட்டாராம். புது மருமகளே சொன்னது.

தண்டவாளத்தின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்க்க ஒரு நடைமேம்பாலம் போட்டிருக்கிறார்கள். போன வாரம், வெயில் தாழ்ந்த நேரத்தில், மாமியார் நல்ல சேலை உடுத்திக்கொண்டு அதில் ஏறினார். பாலத்தடியில் காய் வாங்கவேண்டிய அவசியம் தெருவில் பலருக்கும் அதே நேரத்தில் வந்துவிட்டது. பாலத்தின் நடுவில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே வரிசையாகக் கிரேன்கள். எந்தக் கூண்டில் யார் என்று கீழிருந்து எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு கிரேன், பிடித்த பெட்டியோடு அந்தரத்தில் நின்றுவிட்டது. கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மறுபடி அடித்தான். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பெட்டி மெல்ல இறங்கி லாரியில் உட்கார்ந்தது. திரும்பிப் பாலத்தைப் பார்த்தால் மாமியாரைக் காணோம்.

இந்தப் பக்கப் படியில் இறங்கினார் என்கிறார் பழக்கடைக்காரர். மருமகள் வீடு இருக்கிற அந்தப் பக்கப் படியில்தான் இறங்கினார், என் கண்ணால் பார்த்தேன் என்கிறான் லாரிக்காரன்.